திருக்கைக் கருவாட்டு வாடையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியும்

கச்சான்காத்து (பாம்பன்)

விசைப்படகுகள் தடைக்காலத்தில் கட்டிக் கிடப்பதால் நாட்டுப்படகு மீனுக்குத்தான் இப்போது விலை. போன வாரம் திருக்கைவலையில் நல்ல பாடு. விற்றது போக மிச்சமிருந்த நாலு திருக்கையைக் கீறி, உப்புப் போட்டுத் தொட்டியில் அடைத்து வைத்தேன். மறுநாள் மூடியைத் திறந்ததும் கண் கரித்துத் தண்ணீர் வந்துவிட்டது. அப்படியே கழுவாத கழிப்பறை வாடை.

நெத்திலி, காரல், பாரை எதிலும் இந்த வாடை கிடையாது. திருக்கையிலும் சுறாவிலும் மட்டும்தான். வெளியூர் வியாபாரி ஒருத்தர் கெட்ட சரக்கு என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்கிறார். கெடவில்லை, திருக்கை என்றால் இப்படித்தான் என்று எங்கள் அப்பா காலத்திலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். ஏன் என்று கேட்டால் முழிக்கிறோம்.

பன்னிரண்டாவது படிக்கும் மகன், "அது யூரியேஸ் என்கிற நொதி செய்கிற வேலை, அதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அணு அணுவாகப் பார்த்துவிட்டார்கள்" என்கிறான். வாடைக்கு ஏதய்யா உருவம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓலைக்குடாக்காரி (படிப்பு வெளியூரில், இப்போது விடுமுறை)

அண்ணே, மகன் சொன்னது சரி. நான் மூன்று வருடமாக இந்த யூரியேஸோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கிறேன். ஊருக்கு வந்தாலும் விடமாட்டேன் என்கிறது.

முதலில் வாடை. பாரை மாதிரி மீன்கள் கடல் தண்ணீரைக் குடித்து, உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளிவிடும். சுறாவும் திருக்கையும் வேறு வழி வைத்திருக்கின்றன. நாம் சிறுநீரில் கழிக்கிற யூரியாவை அவை உடம்பிலேயே தேக்கி வைத்து, வெளியே இருக்கும் உப்புக்கு ஈடு கொடுக்கின்றன. ஒரு கிலோ சதையில் 10 முதல் 20 கிராம் வரை யூரியா இருக்கும். யூரியாவுக்கு வாடை கிடையாது. அதனால்தான் பிடித்த அன்றைக்கே செய்த சுறாப்புட்டு மணக்கிறது.

மீன் செத்த பிறகு பாக்டீரியா ஏறுகிறது. அதில் சில வகைகளிடம் யூரியேஸ் இருக்கிறது. ஒரு யூரியா மூலக்கூறை உடைத்தால் இரண்டு அம்மோனியா, ஒரு கரியமில வாயு. உங்கள் கண்ணைக் கரித்தது அந்த அம்மோனியா. நொதி இல்லாமல் யூரியாவைத் தண்ணீரில் சும்மா விட்டால் அதில் பாதி உடைவதற்கே சுமார் 40 வருடம் ஆகும். நொதி இருந்ததால் உங்கள் தொட்டியில் ஒரே ராத்திரியில் முடிந்துவிட்டது.

அப்புறம் உருவம். நொதி என்பது ஒரு புரதம், சுருட்டி மடக்கிய நூல் மாதிரி. மடங்கின வாகில் ஒரு குழி விழுகிறது. அந்தக் குழிக்குள் யூரியா வந்து உட்கார்ந்தால் உடைகிறது. யூரியேஸின் குழியில் இரண்டு நிக்கல் அணுக்கள் இருக்கின்றன, இரண்டுக்கும் நடுவே மூன்றரை ஆங்ஸ்ட்ராம் இடைவெளி. ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடி ஆங்ஸ்ட்ராம். மனித வயிற்றில் குடியிருக்கும் எச். பைலோரி என்ற பாக்டீரியாவின் யூரியேஸ், 12 ஒரே மாதிரித் துண்டுகள் சேர்ந்த ஒரு பந்து, குறுக்களவு சுமார் 160 ஆங்ஸ்ட்ராம். நம் தலைமுடி ஒன்றின் குறுக்கே 5,000 பந்துகளை வரிசையாக அடுக்கலாம்.

டீசல்மெக்கானிக் (மண்டபம்)

தங்கச்சி, கோபித்துக்கொள்ளாதே. தலைமுடிக்குக் குறுக்கே 5,000 என்றால் அதை எவன் பார்த்தான்? பள்ளிக்கூட நுண்ணோக்கியில் வெங்காயத் தோலைப் பார்த்திருக்கிறேன், அதுவே மங்கல். இன்டர்நெட்டில் யூரியேஸ் என்று போட்டால் சிவப்பும் நீலமுமாக ரிப்பன் சுற்றிய படம் வருகிறது. அது போட்டோவா, யாரோ வரைந்ததா? நேராகச் சொல்லு.

ஓலைக்குடாக்காரி

வரைந்ததுதான் அண்ணே. ஆனால் கற்பனையில் வரைந்ததில்லை. அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கடக்கத்தான் எங்களுக்கு வருடக்கணக்கில் ஆகிறது.

வெளிச்சத்தை வைத்துப் பார்த்தால் 2,000 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. வெளிச்சத்தின் அலைநீளம் அவ்வளவு பெரிது. எலக்ட்ரானை 300 கிலோவோல்ட்டில் விரட்டினால் அதன் அலைநீளம் 0.02 ஆங்ஸ்ட்ராம்தான். முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கி 1931இலேயே ஜெர்மனியில் வந்துவிட்டது. அப்படியென்றால் அன்றைக்கே புரதத்தைப் பார்த்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள்.

தடை இரண்டு. நுண்ணோக்கிக்குள் காற்றே இருக்கக்கூடாது, வெற்றிடம். ஈரமான புரதத்தை உள்ளே வைத்தால் தண்ணீர் ஆவியாகிப் புரதம் சுருண்டுவிடும். அடுத்தது, எலக்ட்ரான் பட்டால் புரதம் கருகும். நல்ல படம் வேண்டுமென்றால் நிறைய எலக்ட்ரான் அடிக்க வேண்டும், அடித்தால் பார்க்க வந்த பொருளே இருக்காது. அதனால் ஒரு சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு 40, 50 எலக்ட்ரானோடு நிறுத்திக்கொள்வோம். கிடைப்பது படம் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். கலங்கல் தண்ணீருக்குள் கண்ணாடி மாதிரிச் சொறிமீன் (ஜெல்லிமீன்) கிடக்குமே, அப்படி. இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம் வரும். கொஞ்சமாவது நிழல் தட்டட்டும் என்று வேண்டுமென்றே குவியத்தைத் தப்பவிட்டு எடுப்போம்.

கச்சான்காத்து

தண்ணீர் ஆவியாகிவிடும் என்கிறாய். அப்படியானால் ஐஸ் போட்டுவிட வேண்டியதுதானே? நாங்கள் மீனுக்குப் போடுவது போல.

ஓலைக்குடாக்காரி

அண்ணே, இதே யோசனைக்குத்தான் 2017இல் வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள்! மூன்று பேருக்குப் பிரித்து. அதில் ழாக் துபொஷே செய்தது ஐஸ் வேலை.

ஆனால் நம் ஐஸ் ஆகாது. ஃப்ரிட்ஜ் ஃப்ரீசரில் மெதுவாக உறைந்த மீனை எடுத்துப் பாருங்கள், சதை தொளதொளவென்று ஆகியிருக்கும். தண்ணீர் மெதுவாக உறைந்தால் ஊசி ஊசியாகப் படிகம் கட்டிச் சதையைக் குத்திக் கிழிக்கிறது. புரதத்துக்கும் அதே கதி. அதோடு அந்தப் படிகம் எலக்ட்ரானையும் சிதறடிக்கும். தண்ணீருக்குப் படிகம் கட்ட நேரமே தராமல் கண்ணாடி போல உறைய வைக்க வேண்டும். துபொஷே 1980களின் தொடக்கத்தில் அதைச் செய்து காட்டினார்.

நைட்ரஜன் திரவம் மைனஸ் 196 டிகிரி. அதிலேயே நேராக முக்கலாமே என்று தோன்றும். முக்கினால் வேலை நடக்காது. தோசைக்கல் நன்றாகக் காய்ந்த பிறகு தண்ணீர் தெளித்தால் துளி ஒட்டாமல் உருண்டோடுகிறதல்லவா? துளிக்கு அடியில் ஆவி மெத்தை போல நின்றுவிடுகிறது. நைட்ரஜனும் அப்படித்தான், சூடான பொருள் உள்ளே வந்ததும் கொதித்துச் சுற்றிலும் ஆவிப் போர்வை போட்டுக்கொள்ளும். குளிர் வேகமாக ஏறாது. அதனால் நைட்ரஜனை வைத்து ஈத்தேன் வாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கி, அதற்குள் முக்குவோம். ஈத்தேன் அவ்வளவு லேசில் கொதிக்காது.

செய்முறை இதுதான். 3 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு வட்டச் சல்லடை, செம்பிலோ தங்கத்திலோ இருக்கும். அதன் மேல் பொத்தல் பொத்தலான கரிப் படலம். 3 மைக்ரோலிட்டர் புரதக் கரைசலை வைத்து, உறிஞ்சுதாளால் ஒற்றியெடுத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் ஈத்தேனுக்குள் இறக்க வேண்டும். பொத்தல்களில் சில நூறு ஆங்ஸ்ட்ராம் கனத்தில் கண்ணாடித் தண்ணீர் நிற்கும், அதற்குள் நொதி மிதந்த வாக்கிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். அதற்கப்புறம் அந்தச் சல்லடை நுண்ணோக்கியிலிருந்து வெளியே வருகிறவரை ஒரு நொடிகூட குளிர் குறையக்கூடாது.

என் முதல் சல்லடை என்ன ஆனது தெரியுமா? இடுக்கியிலிருந்து நழுவி நைட்ரஜன் குவளைக்குள் எங்கேயோ விழுந்தது. இரண்டாவதில் ஐஸ் கனமாகி எல்லாம் கறுப்பு. மூன்றாவது முறை மழைநாள். அறைக்காற்றில் இருந்த ஈரமெல்லாம் சல்லடை மேல் பொடிப்பொடி ஐஸாகப் படிந்து, நொதிக்குப் பதில் ஐஸைத்தான் படமெடுத்தேன். நாலாவதில் எல்லாம் சரியாக வந்தது போலிருந்தது, ஆனால் நொதிப் பந்துகள் அத்தனையும் ஒரே பக்கத்தைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தன. கணவாயைத் தட்டில் பரப்பின மாதிரி. எல்லாப் பக்கமும் தெரியாவிட்டால் முழு உருவம் கட்ட முடியாது.

டீசல்மெக்கானிக்

சரி. ஐஸ் போட்டாய், மங்கலாக ஒரு படம் எடுத்தாய். மங்கல் படத்திலிருந்து அணு எப்படி வந்தது? எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

ஓலைக்குடாக்காரி

ஒரு படம் இல்லை அண்ணே, ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கில் நொதிகள். கடைசியில் சில லட்சம் நொதிகளின் நிழல் கையில் இருக்கும், ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணத்தில். ஒரே கோணத்தில் இருப்பவற்றைக் கணினி ஒன்றுசேர்த்துச் சராசரி எடுக்கிறது. புள்ளிக் கலங்கல் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் விழுவதால் கூட்டக் கூட்ட அடங்கிவிடும். நொதி எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருப்பதால் எழும்பி வரும். பிறகு வெவ்வேறு கோணச் சராசரிகளைப் பொருத்தி முப்பரிமாணம் கட்டுவோம். இந்தக் கணக்கு வழியை 1970களிலிருந்து கட்டியெழுப்பியவர் யோவாக்கிம் ஃபிராங்க். நோபலில் அவருக்கும் பங்கு.

யூரியேஸில் ஒரு வசதி உண்டு. 12 துண்டும் ஒரே மாதிரி என்பதால் ஒரு பந்தைப் படமெடுத்தால் 12 துண்டைப் படமெடுத்த கணக்கு.

டீசல்மெக்கானிக்

இப்போதுதான் பிடிபட்டது. நீ மனதில் ஒரு உருவத்தை வைத்துக்கொண்டு, அதற்குத் தோதான படங்களைப் பொறுக்கிக் கூட்டினால் அந்த உருவம்தானே வரும்? எஞ்சினில் சத்தம் வந்தால் "நாசில்தான் போச்சு" என்று முடிவுகட்டிவிட்டுக் கேட்கிறவனுக்கு எல்லாச் சத்தமும் நாசில் சத்தம்தான். நானே அப்படி ஒருமுறை நல்ல நாசிலைக் கழற்றிப் போட்டு ஒரு படகுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஓலைக்குடாக்காரி

அண்ணே, நீங்கள் எங்கள் துறைக்கு வந்திருக்க வேண்டியவர். இது உண்மையான ஆபத்து. இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள், "இரைச்சலிலிருந்து ஐன்ஸ்டீன்" என்று. வெறும் புள்ளிக் கலங்கலாக ஆயிரம் படம். உள்ளே ஒன்றுமே கிடையாது. ஒவ்வொன்றையும் ஐன்ஸ்டீன் முகத்தோடு பொருந்துகிற மாதிரி நகர்த்தி வைத்துச் சராசரி எடுத்தால் ஐன்ஸ்டீன் முகமே வந்துவிடுகிறது. நோபல் பெற்ற மூன்றாமவர் ரிச்சர்ட் ஹெண்டர்சன் 2013இல் இதை வைத்துத்தான் எல்லோரையும் எச்சரித்தார்.

அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். கையிலிருக்கும் நொதிப் படங்களை முதலிலேயே இரண்டு பங்காகப் பிரித்துவிடுவோம். ஒரு பங்குக்கு மறுபங்கு தெரியாது. தனித்தனியாக உருவம் கட்டிக் கடைசியில் ஒப்பிடுவோம். இரண்டு பேர் தனித்தனிப் படகில் போய், ஒருவருக்கொருவர் பேசாமல், கடலுக்கடியில் உள்ள ஒரே பாறைத் திட்டை ஈயக்கட்டி விட்டு ஆழம் பார்த்துக் குறித்து வருகிறார்கள் என்று வையுங்கள். இரண்டு குறிப்பும் எந்த நுணுக்கம் வரை ஒத்துப்போகிறதோ அதுவரை நம்பலாம். அதற்குக் கீழே ஆளுக்கொரு கற்பனை. "2 ஆங்ஸ்ட்ராம் தெளிவு" என்று கட்டுரையில் போடுவது இந்த ஒப்பீட்டில் வருகிற எண்தான்.

இன்னொரு சோதனையும் இருக்கிறது. நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று எழும்பி வர வேண்டும். 2 ஆங்ஸ்ட்ராமில் புரதத்தைச் சுற்றி ஒட்டியிருக்கும் தண்ணீர் மூலக்கூறுகள்கூடத் தனித்தனிப் பொட்டாகத் தெரிகின்றன. அதை யாரும் முன்கூட்டி வைக்கவில்லை.

கீழக்கரை_காக்கா

சங்கு வியாபாரிக்கு ஒரு கேள்வி இருக்கிறது, கேட்கலாமா? நிழலை வைத்து உருவம் கட்டுகிறோம் என்கிறீர்கள். வலம்புரிச் சங்கையும் இடம்புரிச் சங்கையும் நிழலில் பிரிக்க முடியாதே. எக்ஸ்ரே எடுத்துப் படத்தைத் திருப்பிப் பிடித்தால் இடம்புரி வலம்புரியாகிவிடும். எங்கள் தொழிலில் ஒன்றுக்கும் மற்றதுக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும். உங்கள் நொதி எந்தப் புரி என்று எப்படித் தெரியும்?

ஓலைக்குடாக்காரி

காக்கா, எனக்கு நேர்முகத் தேர்வில் கேட்டார்கள் இதை, திணறினேன். சங்கை வைத்து யோசித்திருந்தால் உடனே சொல்லியிருப்பேன்.

உண்மைதான். நிழல்களிலிருந்து கட்டும் உருவத்துக்கும் அதன் கண்ணாடிப் பிம்பத்துக்கும் கணக்கில் ஒரு வித்தியாசமும் கிடையாது, இரண்டும் எல்லாப் படங்களோடும் ஒத்துப்போகும். மென்பொருள் பாதி நேரம் தப்பான புரியைத்தான் கொடுக்கும். தெளிவு கூடின பிறகுதான் தெரியும். புரதத்துக்குள் ஆல்ஃபா சுருள் என்று படிக்கட்டு மாதிரிச் சுற்றிய பகுதிகள் உண்டு. அவை எப்போதும் வலக்கைத் திருகு, மரை ஆணி மாதிரி. நம் உருவத்தில் அது இடக்கைத் திருகாக வந்திருந்தால் மொத்தத்தையும் பிம்பமாகத் திருப்பிவிட வேண்டியதுதான். நான் ஒருமுறை இரண்டு நாள் தப்பான புரியில் அணுக்களைப் பொருத்தப் பார்த்து, ஏன் ஒன்றுமே உட்காரவில்லை என்று அழாத குறை.

விலங்கியல்_வாத்தியார் (இராமநாதபுரம், பணி ஓய்வு)

காக்கா சொன்னதில் ஒரு வேடிக்கை. நாம் வலம்புரி என்பதை விலங்கியல் புத்தகம் இடக்கைச் சுழல் என்று எழுதும். கடலில் சாதாரணமாகக் கிடைக்கும் இடம்புரி அவர்களுக்கு வலக்கைச் சுழல். வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இதில் ஒரு சண்டை நடக்கும்.

இன்னொரு செய்தியும் சேர்க்கிறேன். நொதி என்பது புரதம்தான் என்று முதன்முதலில் நிரூபிக்க உதவியதே இந்த யூரியேஸ்தான். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் சம்னர் 1926இல் ஒரு வகை வாளவரை மாவை அசிட்டோனில் கரைத்து வடிகட்டி, குளிரில் வைத்து, யூரியேஸைப் படிகமாக எடுத்தார். படிகமான முதல் நொதி. அவருக்கு இடது கை கிடையாது. பதின்ம வயதில் வேட்டைத் துப்பாக்கி விபத்தில் போனது, அதுவும் அவர் இடதுகைப் பழக்கக்காரர். ஜெர்மனியின் பெரிய வேதியியலாளர்கள் பல வருடம் அவரை நம்பவே இல்லை. 1946இல் நோபல் வந்தது.

சம்னர் எடுத்த அதே அவரை யூரியேஸின் முழு உருவத்தை எக்ஸ்ரே மூலம் கண்டு 2010இல் வெளியிட்டது யார் தெரியுமா? நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் படிகவியல் துறை. ஜி. என். இராமச்சந்திரன் கட்டி வளர்த்த துறை. படிகம் கிடைத்து உருவம் தெரிய 84 வருடம். கிண்டியில் நடந்த காரியத்தை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அம்மா ஓலைக்குடா, எனக்கொரு கேள்வி. எக்ஸ்ரேயிலேயே கிடைத்த உருவத்துக்கு எதற்கு இத்தனை கோடி ரூபாய் நுண்ணோக்கி?

ஓலைக்குடாக்காரி

ஐயா, எக்ஸ்ரேக்குப் படிகம் வேண்டும். எல்லாப் புரதமும் படிகமாகாது, படிகமானாலும் உள்ளே எல்லாம் ஒரே நிலையில் விறைத்து நிற்கும். கிரையோவில், அதாவது இப்படி உறைய வைத்து எலக்ட்ரானில் பார்க்கும் முறையில், கரைசலில் இருந்தபடியே பிடிக்கிறோம். யூரியேஸின் குழிக்கு மேல் ஒரு மூடி உண்டு. யூரியா நுழையத் திறக்கும், வேலை நடக்க மூடும். படங்களைத் தரம் பிரித்தால், கொடுப்பினை இருந்தால், திறந்தவை தனி, மூடியவை தனி என்று பிரித்துப் பார்க்கலாம்.

2013 வாக்கில் எலக்ட்ரானை நேராக எண்ணுகிற புது கேமரா வந்த பிறகுதான் இந்தத் துறை பாய்ந்தது. 2020இல் யெர்சினியா என்ற பாக்டீரியாவின் யூரியேஸைச் சுமார் 2 ஆங்ஸ்ட்ராம் தெளிவில் கிரையோவிலேயே கண்டார்கள். 2021இல் எச். பைலோரியின் யூரியேஸ், அதுவும் தடுப்பு மூலக்கூறு ஒன்று குழிக்குள் மாட்டிக்கொண்ட நிலையில். அந்தப் பாக்டீரியா நம் இரைப்பை அமிலத்தில் சாகாமல் இருப்பதே யூரியேஸ் கக்குகிற அம்மோனியா அமிலத்தை முறிப்பதால்தான். குழியை அடைத்தால் அது பிழைக்காது, வயிற்றுப்புண்ணுக்கு ஒரு புது மருந்து கிடைக்கும் என்பது கணக்கு.

முண்டுமிளகாய் (சாயல்குடி பக்கம்)

அப்படியென்றால் நாங்கள் மிளகாய்க்குப் போடுகிற யூரியாவும் இப்படித்தான் போகிறதா? காய்ந்த மண்ணில் மேலாகத் தூவினால் பயிருக்குச் சேராது என்பார்கள். இப்போது வேப்பெண்ணெய் பூசித் தருகிறார்களே, அது இந்த நொதியை அடைக்கத்தானா?

விலங்கியல்_வாத்தியார்

முதல் பாதி சரி. மண்ணிலும் யூரியேஸ் இருக்கிறது. மேலாகக் கிடந்தால் அம்மோனியாவாகிக் காற்றில் போகும், தூவின கையோடு மண்ணில் கலந்து தண்ணீர் பாய்ச்சச் சொல்வது அதனால்தான். வேம்பு முக்கியமாகச் செய்வது அடுத்த கட்டத்தில், அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துகிறது. யூரியேஸையே அடைக்கத் தனியாக வேதிப்பொருட்கள் உண்டு. ஆட்டுக்கிடையில் விடிகாலை மூக்கைத் துளைக்கிறதே, அதுவும் இதே நொதி.

கச்சான்காத்து

எல்லாம் சரி, என் தொட்டிக்கு வழி சொல்லுங்கள்.

ஓலைக்குடாக்காரி

நுண்ணோக்கியே வேண்டாம் அண்ணே. யூரியா தண்ணீரில் நன்றாகக் கரையும். பிடித்ததும் ரத்தத்தை வடியவிட்டு, குடலெடுத்து, கீறின துண்டுகளை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். பாக்டீரியா ஏறுவதற்கு முன்பே ஐஸும் உப்பும் விழ வேண்டும். சாயங்காலம் வந்த மீனை விடிந்த பிறகு கீறினால் உப்பு போடும்போதே பாதி வேலையை அது முடித்திருக்கும். வாடை வந்துவிட்ட கருவாட்டுக்குப் புளி. அமிலம் அம்மோனியாவைப் பிடித்து உப்பாக்கிவிடும், மூக்குக்கு எழும்பாது. திருக்கைக் குழம்புக்கு நம் ஆத்தாக்கள் புளியை ஒரு கை கூடப் போட்டது சும்மா இல்லை.

அந்த வியாபாரிக்கு மட்டும் நேர்மையாகச் சொல்லிவிடுங்கள், லேசான வாடை திருக்கையின் குணம், கண் கரிக்கிற வாடை தாமதத்தின் குணம் என்று. கோபிக்காதீர்கள், இந்தத் தடவை உங்கள் சரக்கு இரண்டாவது வகை.

கச்சான்காத்து

மத்தியானம் வந்தது, மகன் பரீட்சை என்று ராத்திரிதான் கீறினேன். ஒத்துக்கொள்கிறேன்.

டீசல்மெக்கானிக்

தங்கச்சி, அந்த ரிப்பன் படம் போட்டோ இல்லை என்று முதலிலேயே ஒத்துக்கொண்டாய், அதற்காகவே முழுதும் படித்தேன். போனில் திருப்பிப் பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா?

ஓலைக்குடாக்காரி

இருக்கிறது அண்ணே. புரதத் தரவு வங்கி என்று உலகப் பொதுவான தளம் உண்டு, காசு கிடையாது. அதில் மூன்று, எல், ஏ, நான்கு என்று நாலெழுத்தைச் சேர்த்துத் தட்டினால் வாத்தியார் சொன்ன சென்னை யூரியேஸ் வரும். விரலால் சுற்றலாம், பெரிதாக்கலாம்.

டீசல்மெக்கானிக்

ஜெட்டியில் உட்கார்ந்து பார்த்தேன். சிக்னல் இழுத்து இழுத்து வந்தது. ரிப்பனுக்கு நடுவில் ஒட்டினாற்போல இரண்டு பச்சை உருண்டை. அதுதானே நிக்கல்?

ஓலைக்குடாக்காரி

அதேதான்.